சீமைக் கணக்கில் போன காது

என் அப்பாவின் காதில் ஒருமுறை நெல் முளைத்தது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு மறுபடியும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்பதுகளின் தொடக்கத்திலேயே எங்கள் ஊர் வயிறு வலிக்கச் சிரித்து முடித்த சங்கதிதான் அது. ஆனால் அந்த ஒற்றை நெல் உலகத்தைச் சுற்றிப்போய், கடைசியில் யாரோ ஒரு குளிர்தேசத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வில்லியனூரைத் தாண்டி, மாதா கோயிலைச் சுற்றி வீடுகள் அமைந்த ஊர் எங்களுடையது. அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. கரிக்கலாம்பாக்கத்தில் ஒருவருடைய வயலைக் குத்தகைக்கு எடுத்து, தினமும் சைக்கிளில் போய்ப் பயிர் செய்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு இரண்டு காதிலும் சீழ் வடியும். வலது காது மோசம், இடது காது படுமோசம். அரித்தால் கோழி இறகை விட்டுக் குடைவார், வலித்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொள்வார். ஓர் அறுவடையின்போது களத்தில் கதிர் அடிக்கையில் வலது காதுக்குள் ஒரு நெல் போய்விட்டது. வழக்கமான அரிப்புதான் என்று அவர் இருந்துவிட்டார். தினமும் மோட்டார் தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்துக் குளிக்கிற மனிதர். காதுக்குள் ஈரம், சூடு, இருட்டு. நெல்லுக்கு வேறென்ன வேண்டும்?

வலி பொறுக்காமல் சுருண்டு படுத்த பிறகுதான், நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு என்னுடன் வரச் சம்மதித்தார். டவுனை ஒட்டிய பெரிய மருத்துவமனை அது. அங்கே நூலகத்தில் நான் உதவியாளர். காது மூக்குத் தொண்டைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். குள்ளம்தான், ஆனால் கோபம் ஆளைவிட உயரம். திட்டப்போகிறார் என்றால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். கண்ணாடி கழன்றால் வார்டில் ஈ காக்கை இருக்காது.

அவர் அப்பாவின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு மெல்லிய இடுக்கியை விட்டு மெதுவாக இழுத்தார். வெள்ளையாக முளைவிட்ட நெல் ஒன்று வெளியே வந்தது.

"பெரியவரே, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நடவே பண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபோது அவர் ஒரு புன்னகையோடு தலையாட்டுவார். அன்றைக்கும் ஆட்டினார்.

விஷயம் என் மூலமாக வெளியே போகவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தொண்டை வலிக்கு வந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பஸ் பிடித்து ஊர் சேர்வதற்குள் அப்பாவுக்கு நாத்தங்கால் என்று பெயர் வைத்தாகிவிட்டது. "இன்னா நாத்தங்காலு, இந்தப் போகம் எந்தக் காதுல வெதைக்கப் போற?" என்று டீக்கடையில் கேட்டார்கள். ஞாயிறு பூசையில் நற்கருணை கொடுக்கும்போது சாமியார்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அப்பாவுக்குப் பாதி கேலி கேட்காததால் பாதி அவமானம்தான் பட்டார். மீதியை நானும் அம்மாவும் பட்டோம்.

டாக்டரம்மா அந்த நெல்லை ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்து, அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பிரிவில் டைப் அடிக்க ஆள் இல்லை என்பதால் நூலகத்துக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். தலைப்பு முடிந்ததும் எழுதியவர்களின் பெயர் வரும் இடம். அவர் முதலில் சொன்ன பெயர் அவருடையது இல்லை. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டருடையது. பெரிய டாக்டர் அதற்கு முந்தைய வருஷமே இங்கிருந்து கிளம்பி, பனி கொட்டும் ஒரு தேசத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அப்பாவின் காதை அவர் பார்த்ததே கிடையாது. ஆனாலும் பெயர் முதலில், பெயருக்குக் கீழே அவருடைய புதிய விலாசம். இரண்டாவதாகத்தான் டாக்டரம்மா.

"அவரு எதுக்குங்க டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"அவர் சொல்லிக்கொடுத்த கைதானேம்மா இந்த நெல்லை எடுத்தது? அடி."

எனக்கும் அது தப்பாகப் படவில்லை. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் முறையே அதுதான். என் அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா ஓடியாடி, அம்மா நகையைக் கழற்றி, நான் வீடு வீடாக ஏறி இறங்கி எல்லாம் செய்தோம். பத்திரிகையில் எல்லோருக்கும் மேலே பெரியப்பா பெயர். பெரியப்பா தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்தார், சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர் விட்டுப்போன தாய்மாமனோ பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்று, சாப்பாட்டு இலையைக்கூட அங்கே கொண்டுவரச் சொன்னார். பெரியவர் பெயரை முதலில் போடுவது மூச்சு விடுவதுபோல. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

கட்டுரை வெளிவந்தது. அப்பாவின் காது மட்டும் தேறவில்லை. அடுத்த சில வருஷங்களில் செவிப்பறையில் ஓட்டை பெரிதாகி, கேட்டுக்கொண்டிருந்த கொஞ்ச நஞ்சமும் குறைந்துகொண்டே வந்தது. அதைக் கேலியாக விட்டுவிட முடியாத நிலைமை வயலில் வந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டால் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். அப்போது அதன் சத்தம் மாறும். வரப்பில் நிற்கிறவன் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஓடிப்போய் நிறுத்த வேண்டும். அப்பாவுக்குக் கேட்கவில்லை. மோட்டார் சூடேறி, உள்ளே கம்பி சுற்றிய காயில் கருகி, புகை வந்த பிறகு மூக்கால்தான் தெரிந்துகொண்டார். ஒருமுறை ஆயிற்று. மறுமுறையும் ஆயிற்று. மோட்டார் நிலத்துக்காரருடையது. அவர் வீட்டுக்கே வந்து, அப்பாவிடம் கத்த வேண்டியிருந்ததால் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னொரு காயில் எரிஞ்சிதுன்னா நெலத்த வேற ஆளுக்கு வுட்டுடுவேன்பா! சொல்லிட்டேன்!"

டாக்டரம்மாவிடம் அழாத குறையாகப் போய் நின்றேன். அப்பாவின் காதுக்கு மேலே தோலுக்கடியில் இருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையை மூடிவிடலாம், தனக்கு அது கைவந்த வேலை என்றார். ஆனால் காதுக்குள் பெரிதாக்கிப் பார்க்கும் மைக்ராஸ்கோப் இல்லாமல் அந்த ஆபரேஷன் முடியாது. எங்கள் மருத்துவமனையில் அது இல்லை. மெட்ராசுக்குப் போகச் சொன்னால் அப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டார். பயிரை விட்டுவிட்டு ஒரு பொழுதுகூட வெளியூரில் தங்கமாட்டேன் என்று அடம்.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப் கேட்டு மேலே எழுதினார். மேலிடம் ஒரு புதுமாதிரியான பதில் அனுப்பியது. நம் நாட்டின் காது மூக்குத் தொண்டை ஆராய்ச்சியை உலகத்தில் எத்தனை பேர் மதிக்கிறார்கள்? மற்ற டாக்டர்கள் தங்கள் கட்டுரைகளில் அதை எடுத்துக் குறிப்பிட்டிருக்கிறார்களா? கணக்கு எடுத்துக் காட்டினால், மைக்ராஸ்கோப் பற்றி யோசிக்கலாம்.

"காதுல ஓட்டை இருக்குன்னு எழுதினா, உலகத்துல மதிப்பு இருக்கான்னு கேக்கறான்" என்று டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு என்னைப் பார்த்து, அதைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி, எண்ணிடு. உனக்குத்தானே நூலகம் தெரியும்."

அப்படித்தான் நாட்டின் காதையும் மூக்கையும் தொண்டையையும் எடைபோடும் வேலை என் தலையில் விழுந்தது. வேலை இதுதான். ஒரு டாக்டர் கட்டுரை எழுதினால், யார் யாருடைய கட்டுரைகளைப் பயன்படுத்தினார் என்று கடைசியில் போடுவார். உலகம் முழுவதும் வரும் கட்டுரைகளில் இப்படி யாரை யார் சொல்லியிருக்கிறார் என்பதையெல்லாம் திரட்டி, தடித்தடிப் புத்தகங்களாக வருஷாவருஷம் போடுகிறார்கள். எங்கள் நூலகத்திலும் அவை வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அதுவரை ஒருவர்கூட அவற்றைத் திறந்து நான் பார்த்ததில்லை. பியூன் அவற்றின் மேல் ஏறி நின்றுதான் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். மதியத்தில் தலைக்கு வைத்துப் படுக்கவும் வசதியான உயரம்.

நான் எடுத்துத் திறந்ததும் பியூனுக்குக் கோபம். அச்சைப் பார்த்ததும் எனக்குக் கோபம். அவ்வளவு பொடி எழுத்தில் ஒரு புத்தகத்தை அடித்தவனைக் கண் டாக்டர்கள்தான் ஏவியிருக்க வேண்டும். தோல் டாக்டரிடம் பூதக்கண்ணாடி கடன் வாங்கி, நம் நாட்டுக் கட்டுரை ஒவ்வொன்றையும் அதில் தேட ஆரம்பித்தேன்.

ஆரம்பத்தில் மனசு விட்டுப்போயிற்று. மூக்கில் புழு வைத்தவர்களைப் பற்றி நம் டாக்டர்கள் உயிரைக் கொடுத்து எழுதியிருந்தார்கள். வெளிநாட்டில் அதை ஒருவரும் சீந்தவில்லை. புகையிலை அடக்கிய வாயையும் தொண்டையையும் பற்றி எழுதியதைக் கொஞ்சம் பேர் தொட்டிருந்தார்கள். மீன்முள் சிக்கிய தொண்டையைத் தொட ஆளில்லை.

"அவங்க ஊர்க் குளிருக்கு ஈ பறக்காது, மூக்குல முட்டை வைக்காது. அதுக்கு நானாம்மா பொறுப்பு?" என்றார் டாக்டரம்மா. எனக்கும் அதே எரிச்சல்தான். இங்கே நாலு பேரில் ஒருத்தருக்கு வருகிற சீக்கை எழுதினால் மதிப்பில்லை, அங்கே யாருக்காவது வருவதை எழுதினால்தான் மதிப்பு என்றால், அது என்ன தராசு?

வடக்கே ஒரு புரொபசர் மட்டும் ஏகப்பட்ட முறை குறிப்பிடப்பட்டிருந்தார். ஆகா என்று குறித்துக்கொண்டே போனேன். பிறகு பூதக்கண்ணாடியை நகர்த்திப் பார்த்தால், குறிப்பிட்டவரும் அவரே. அவர் எழுதுவதையெல்லாம் அவரே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா தோசைக்கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"தன் கல்யாணத்துக்குத் தனக்கே பத்திரிகை வெச்சிக்கிறானாடி அவன்? கட்டுறவ ஒருத்தி இருந்தாளா, அதுவும் அவனேயா?"

புரொபசரைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். நாட்டின் கணக்கு ரொம்பவும் மெலிந்துபோயிற்று.

சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் அப்பா கேட்பார். காது கேளாதவர் என்பதால் அவர் கேட்பதும் கத்தல், நான் சொல்வதும் கத்தல்.

"இன்னைக்கு எவனாச்சும் நம்மள எடுத்துச் சொன்னானா?"

"ஒரு ஆளு சொன்னான்பா! தொண்டைய!"

"தொண்டையா? காத எவனும் சொல்லலியா?"

எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னைப் பிடித்து, "இன்னாடி, இன்னைக்குத் தொண்டைக்கு எத்தினி?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மைக்ராஸ்கோப் வருமா வராதா என்பது எங்கள் தெருவின் விவகாரமாகிவிட்டது. வராவிட்டால் அப்பாவின் வயல் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் முற்பகலில் பெரிய டாக்டரின் பெயருக்கு வந்தேன். பூதக்கண்ணாடியை வைத்தேன். அவர் பெயருக்குக் கீழே, அப்பாவின் நெல் கட்டுரைக்கு, வரிசையாக ஆட்கள். அடுத்த வருஷத்துப் புத்தகத்தில் இன்னும் நீளமான வரிசை. குளிர்தேசத்துக் குழந்தைகள் காதில் பட்டாணி போட்டுக்கொள்கிறார்கள், மணி போட்டுக்கொள்கிறார்கள், பொம்மையின் கண்ணைப் பிடுங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அதைப் பற்றி எழுதுகிற டாக்டர் எவருக்கும், இந்தியாவில் ஒருவர் காதில் நெல்லே முளைத்ததாம் என்று ஒரு வரி போடாமல் கை நிற்கவில்லை. நாட்டின் காது மூக்குத் தொண்டை மொத்தத்தையும் ஒரு பக்கம் வைத்தால், என் அப்பா ஒற்றையாளாக இன்னொரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

நான் நூலகத்தில் கத்திவிட்டேன். படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் என்னை முறைத்தார்கள். போங்கடா என்று டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினேன்.

அன்று சாயங்காலம் அப்பா டீக்கடைக்குப் போய் நடு பெஞ்சில் உட்கார்ந்தார். அதுவரை ஓரத்தில்தான் உட்காருவார். "ஒங்க யாரு காதயாச்சும் வெள்ளக்காரன் எழுதியிருக்கானா?" என்று கேட்டாராம். பதில் சொன்னவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அவருக்கு எப்படியும் கேட்டிருக்காது.

கணக்கைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். டவுனில் வெள்ளைக்காரத் தெருப்பக்கம் வீடு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்த வயசான மனிதர், பெண்களை மெதாம் என்றும் ஆண்களை முசியே என்றும்தான் கூப்பிடுவார். நூலகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். காது கழுவ அன்றைக்கு வந்திருந்த அப்பாவும், அக்கா கல்யாணத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தானும் இருப்பேன் என்று என் பக்கத்தில் வந்து நின்றார். மைக்ராஸ்கோப்பை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்போல. சைக்கிளில் கட்டக் கயிறு கொண்டுவந்திருந்தார்.

அதிகாரி நான் எடுத்த கணக்கை நிதானமாகப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம்.

"ரொம்ப நல்லா இருக்கு மெதாம். எல்லாத்துக்கும் மேல நிக்குதே ஒண்ணு, அந்தக் கட்டுரையை நான் பார்க்கலாமா?"

எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்தார். அவருடைய சிரிப்பு மெல்ல இறங்கிற்று.

"முதல் பேரு இவரா? விலாசம் வெளிநாடா இருக்கே?"

"எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சார். இப்ப அங்கதான் இருக்கார்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப இது நம்ம கணக்குல வராதுங்களே மெதாம். முதல் பேருக்காரர் எந்த நாட்டு விலாசத்துல இருக்காரோ, கட்டுரை அந்த நாட்டுக்குப் போவும். அப்படித்தான் எண்ணச் சொல்லியிருக்காங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். பியூன் வெளியே போய்விட்டார்.

"அவர் இந்தக் காதைக் கண்ணால பார்த்தது கிடையாது. எடுத்தது நான். எழுதினது நான்."

"அப்ப ஏன் மெதாம் அவர் பேரை முதல்ல போட்டீங்க?"

டாக்டரம்மா கழற்றிய கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"மரியாதைக்கு" என்றார், ரொம்பவும் சின்னக் குரலில்.

"மரியாதைக்கு எங்ககிட்ட கட்டம் இல்லீங்களே" என்றார் அதிகாரி. குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டவாவது திட்டியிருக்கலாம்.

அதுவரை அப்பா தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துப் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன்.

"அப்பா! உன் காது நம்ம நாட்டுக் கணக்குல சேராதாம்! வெளிநாட்டுக்குப் பூடுச்சாம்!"

நூலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அப்பாவின் தலையாட்டல் நின்றது. அவருக்குத் தெரிந்த ஒரே அளவுக் குரலில், அதாவது களத்தில் ஆள் கூப்பிடும் குரலில், அதிகாரியைக் கேட்டார்.

"ஏன் சேராது? காது என்னுது. நெல்லு பொன்னி. கெணறு கரிக்கலாம்பாக்கம். இதுல எதுங்க சீமையிலேர்ந்து வந்திச்சி?"

அதிகாரி எழுந்து நின்று பதில் சொன்னார். "காது உங்களுதுதான் முசியே. கட்டுரைதான் அவங்களுது."

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "பத்திரிகையில ஒங்க பெரியப்பன் பேரு மொதல்ல போட்டதால, ஒங்க அக்கா அவரு பொண்ணா ஆயிட்டாளா?" மேலிடத்தில் இருந்தவர்களைவிட அம்மாவுக்கு விஷயம் தெளிவாக இருந்தது.

பதில் வந்தது. நம் நாட்டு ஆராய்ச்சியை உலகம் போதிய அளவு குறிப்பிடவில்லையாம், ஆகையால் இப்போதைக்கு மைக்ராஸ்கோப் கிடையாதாம். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். சமையலை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு அப்பாவோடு சைக்கிளில் வயலுக்குப் போய், மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். சத்தம் மாறினால் எழுந்து நிறுத்துவாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே நாள் முழுக்க அப்பாவைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். அவரைத் திட்டுவது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. விருந்தாளிகள் முன்னாலேயே, முகத்தில் சிரிப்பு மாறாமல், பேசுகிற குரலிலேயே திட்டுவாள். அவரும் புன்னகையோடு தலையாட்டுவார். ஒற்றுமையான தம்பதி என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

ஆனால் வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து அம்மா காய்ந்து கருவாடாகிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. டாக்டரம்மாவிடம் போய், பெரிய டாக்டருக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று நச்சரித்தேன். எழுதினார். அவ்வளவு கோபக்காரர், அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தாங்கள் நலமா, இங்கே மழையில்லை, நம்முடைய நெல் கட்டுரை தங்கள் தேசத்துக் கணக்கில் சேர்ந்திருப்பது மகிழ்ச்சி, இங்கே மைக்ராஸ்கோப் கிடைக்கவில்லை, அந்த விவசாயிக்குக் காது கேட்கவில்லை, தங்கள் ஆசி வேண்டும். அவ்வளவுதான். டைப் அடித்த எனக்குத்தான் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

பெரிய டாக்டரின் பதில் நீளமாக வந்தது. அவருக்கு இது எதுவுமே தெரியாதாம். பெயரைப் போட்டதே கட்டுரை அச்சாகி வந்த பிறகுதான் தெரியுமாம். ஆனால் அங்கேயும் இதே கணக்கை எடுக்கிறார்களாம். அவருடைய பிரிவின் கணக்கு திடீரென்று ஏறியதில் மேலிடத்துக்கு ஏக சந்தோஷமாம். போகிற கூட்டத்திலெல்லாம் அந்த நெல்லைப் பற்றிப் பேசச் சொல்கிறார்களாம். காதுக்கு என்று புத்தம் புதிய மைக்ராஸ்கோப் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார்களாம். டாக்டரம்மாவின் கடிதத்தைப் படித்த பிறகு அதன் பக்கத்தில் போகவே கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். பழைய மைக்ராஸ்கோப் நன்றாகத்தான் இருக்கிறது, மேலே சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன், அதை உங்களுக்குக் கப்பலில் ஏற்றுகிறேன்.

ஏற்றியும் விட்டார். பெரிய மரப்பெட்டியில் வைக்கோலுக்குப் பதிலாக அவர்கள் ஊர்ச் செய்தித்தாளைத் திணித்து, ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. அதன் காலில் பளபளவென்று ஒரு தகடு. குளிர்தேசத்து மக்களின் அன்பளிப்பு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அப்பா தகட்டைத் தடவி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். காதில் கத்திச் சொன்னேன்.

"அன்பளிப்பா? எங்காத வாங்கிக்கினு இத குடுத்தாங்கன்னு எழுதச் சொல்லு!" என்றார்.

ஆபரேஷன் டாக்டரம்மாவே செய்தார். வலது காதுக்குத்தான், நெல் முளைத்த காதுக்கு. முடிந்து, தையல் பிரித்து, உள்ளே அடைத்திருந்த பஞ்சையும் எடுத்துவிட்டார்கள். கேட்கிறதா என்று டாக்டரம்மா கேட்டதற்கு அப்பா வழக்கம்போல் புன்னகையோடு தலையாட்டினார். எங்களுக்கு உயிரே போய்விட்டது. பழைய தலையாட்டலா புதிய தலையாட்டலா என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, பழகிய குரலில், பழகிய சிரிப்போடு ஆரம்பித்தாள். "கொட்டிக்கோ. சீமையில இருந்து மெஷினு வரவழைச்சி என்னா புண்ணியம், மரமாட்டம் ஒக்காந்துக்கினு கீறியே."

அப்பா கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தார்.

"யாரு மரம்?" என்றார்.

அம்மா கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள்ளேயே விழுந்தது. அவள் முகத்தில் வந்து போன பயத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாகச் சொன்னதையெல்லாம் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்பதுபோல ஓரடி பின்னால் போனாள். பிறகு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அப்பா மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "ஏன் இப்புடிக் கத்துறீங்க, காது வலிக்கிது" என்றார்.

மறுநாள் அம்மா வயலுக்குப் போகவில்லை. அப்பா தனியாகப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, வரப்பின் கடைசிவரை நடந்துபோய், அங்கே நின்று திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அதற்குப் பிறகு காயில் எரியவில்லை. வயல் அவரிடமே இருந்தது.

சுற்றுவட்டாரத்தில் இருந்து ஓட்டைக் காதுகள் வந்தவண்ணம் இருந்தன. நெட்டப்பாக்கம், பாகூர் பக்கத்து ஆட்கள் கொத்துக் கொத்தாக வந்தார்கள். டாக்டரம்மா அவற்றையெல்லாம் மூடிக்கொண்டேயிருந்தார். கொஞ்ச காலம் கழித்து அதைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினார். மறுபடியும் என் எதிரே நாற்காலி, நான் டைப்ரைட்டரில் தாள் சொருகினேன். தலைப்பு முடிந்தது. பெயர்கள் வரும் இடம்.

அவர் சொன்ன முதல் பெயர் பெரிய டாக்டருடையது.

எனக்கு வந்ததே கோபம். அவருடைய பதவி, வயசு எல்லாம் மறந்துபோயிற்று. "டாக்டரம்மா, ஒரு காதுகூட அவரு தொடல. எல்லாம் நீங்க பண்ணது. இந்த வாட்டியாவது உங்க பேரை மொதல்ல போடக்கூடாதா? போன வாட்டி மரியாதை பார்த்து என்னா ஆச்சி?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் அவர் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, திரும்ப மாட்டிக்கொண்டு, பொறுமையாகக் கேட்டார்.

"என் பேரை முதல்ல போட்டிருந்தா, நெல்லு நம்ம கணக்குல வந்திருக்கும். சரி. நம்ம ஆளுங்க அதைப் பார்த்துட்டு மெஷின் குடுத்திருப்பாங்களா?"

நான் யோசித்தேன். யோசித்தேன் என்றால், வேறு பதில் கிடைக்குமா என்று தேடினேன்.

"யோசிக்கலாம்னுதான் எழுதியிருந்தாங்க" என்றேன்.

"யோசிச்சிக்கிட்டேதான் இருந்திருப்பாங்க. இந்தக் கட்டுரையும் அங்கேயே போய்ச் சேரட்டும். மூக்குக்கு ஒரு மெஷின் வேணும், தொண்டைக்கு ஒண்ணு வேணும். அடி."

அடித்தேன். டாக்டரம்மாவின் பெயர் இரண்டாவதாகவே வந்தது.